பேய் பேசுவதும் பெண் பேசுவதும்

(சுயமரியாதைத் தோழர்கள் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயம் மனநோயும் மூடநம்பிக்கையும் என்பதாகும். பேய் இல்லை, பிசாசு இல்லை, செய்வினை இல்லை, ஏவல் இல்லை என்பதைப்பற்றி இந்த மேடையில் பல தோழர்கள் பல முறை பேசி நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். அதையே நாமும் ஒரு முறை திருப்பிச் சொல்லிவிட்டுப் போவதனால் உங்களுக்கும் பயனில்லை. நமக்கும் தொண்டை வலிதான் மிச்சம். ஆகையால் அதற்கு அடுத்த படியைப்பற்றிப் பேசலாமென்று இருக்கிறோம். அதாவது, பேய் இல்லை என்பது சரி. ஆனால் பேய் பிடித்ததாகச் சொல்லப்படுகிற அந்தப் பெண் இருக்கிறாளே, அவளுடைய துன்பம் இருக்கிறதே, அதற்கு நாம் என்ன செய்யப்போகிறோம் என்பதுதான் இன்றைய கேள்வி.

இதை ஏன் கேட்கிறோம் என்றால், நம்மவர்களிலேயே சிலர் பேயாடுகிற பெண்ணைக் கண்டால் "இதெல்லாம் பாசாங்கு" என்று சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பூசாரி அவளைப் பேய் என்கிறான். நம் தோழர் அவளைப் பாசாங்குக்காரி என்கிறார். அவள் வாயிலிருந்து வருகிற சொல் இரண்டு பேர் காதிலும் விழவில்லை. பூசாரிக்காவது அதில் ஒரு கோழியும் கொஞ்சம் ரொக்கமும் வரும்படி உண்டு. நம் தோழருக்கு அதுவும் கிடையாது!

பேய் யாரைப் பிடிக்கிறது என்று எப்போதாவது யோசித்துப் பார்த்ததுண்டா? மிராசுதாரரைப் பேய் பிடித்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? மடாதிபதியைப் பிடித்ததாக உண்டா? கோர்ட்டில் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஜட்ஜைப் பிடித்ததாக உண்டா? அது பெரும்பாலும் பிடிப்பதெல்லாம் புதிதாய்க் கலியாணமாகி வந்த பெண்ணை, பிள்ளை பெறாதவள் என்று பேச்சு வாங்குகிறவளை, புருஷனை இழந்தவளை, விரும்பினவனை விட்டு வேறொருவனுக்குக் கட்டிவைக்கப்பட்டவளைத்தான். அந்தப் பேய் என்ன பேசுகிறது? மாமியாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. புருஷனை "அடே" என்கிறது. கொழுந்தன் செய்த அக்கிரமத்தை ஊர் நடுவே போட்டு உடைக்கிறது. நல்ல புடவை கேட்கிறது. வயிறார ருசியான சாப்பாடு கேட்கிறது. சாதாரண நாளில் இதில் கால்வாசியை அந்தப் பெண் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அவள் முதுகில் தோல் மிஞ்சியிராது. பேயின் பெயரால் சொன்னால் அதே மாமியார் கைகட்டி நின்று, "என்ன வேணும் தாயே, சொல்லு" என்று கேட்கிறாள்.

அவள் வேண்டுமென்றே திட்டம்போட்டுச் செய்கிறாள் என்று நாம் சொல்லவரவில்லை. அடக்கி அடக்கி வைக்கப்பட்ட துக்கம் அவளுக்கே தெரியாமல் ஒரு வழி கண்டுபிடித்து வெளியே வருகிறது. அதற்கு இந்தச் சமூகம் திறந்து வைத்திருக்கிற சந்து அது ஒன்றுதான். இல்லை, இன்னொன்றும் உண்டு; அதையும் சொல்லிவிடவேண்டும். சாவு வீடு. சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கிற பெண்களைக் கவனித்துக் கேளுங்கள். செத்துப்போனவர் பெரியப்பாவாக இருப்பார். ஆனால் பாட்டில் வருவது, சீர் கொண்டுவராத அண்ணனைப்பற்றியும், எட்டிப் பார்க்காத பிறந்த வீட்டைப்பற்றியும், குடித்துவிட்டு வருகிற புருஷனைப்பற்றியுமாக இருக்கும். பிணத்தை வைத்துக்கொண்டு தங்கள் சொந்த வழக்கை ராகம்போட்டுச் சொல்லிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு போவார்கள். போகும்போது பாரம் குறைந்துதான் போகிறார்கள். ஆனால் யாராவது செத்தால்தான் நமது பெண்கள் வாயைத் திறக்கலாம் என்பது என்ன நியாயம்? ஆண் பிள்ளைகள் மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்பீர்கள். ஆண் அழக்கூடாது என்று சொல்லி வளர்த்துவிட்டோம். அவன் அழுவதற்குச் சாராயக் கடைக்குப் போகிறான். அது தனிப் பிரசங்கம், இன்று வேண்டாம்.

நிற்க, இந்தத் துன்பத்துக்கு வைதீகம் செய்கிற வைத்தியம் என்ன? வேப்பிலை அடி, சாட்டை அடி, தலைமயிரைச் சேர்த்து மரத்தில் ஆணி அறைதல், மண்டலக்கணக்கில் கோவில் வாசலில் கிடத்துதல். இதற்கெல்லாம் மேலாகச் சங்கிலி. 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலையில் இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் தர்காவை நம்பிவந்த மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் வெந்து செத்தார்கள். இதைத் தர்காவின் குற்றமென்று ஒரு மதத்தின் தலையில் வைத்துவிட்டு மற்றவர்கள் கையைத் தட்டிக்கொள்ள வேண்டாம். கோவிலிலும், மாதா கோவிலிலும், சாமியார் மடத்திலும் இதே சங்கிலியைப் பார்க்கலாம். எந்தச் சாமியும் பூட்டைத் திறந்து ஒருவரையாவது வெளியே விடவில்லை. 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் எந்த விதத்திலும் எவரையும் சங்கிலியில் கட்டக்கூடாது என்று தெளிவாகத் தடுத்திருக்கிறது. சட்டம் வந்தது நல்லதே. ஆனால் சங்கிலியை அவிழ்த்தபிறகு அந்தக் கையில் என்ன கொடுப்பது?

இந்தக் கேள்விக்குத் தன் வாழ்நாளைக் கொடுத்து விடை தேடின ஒரு அம்மையாரைப்பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டும். நமது நாட்டுக்காரர் அல்ல. தென் அமெரிக்காவிலுள்ள பிரேசில் தேசத்தவர். பெயர் நீஸி ட சில்வெய்ரா. 1905-ல் பிறந்தவர். நூற்றைம்பதுக்கு மேற்பட்ட ஆண்கள் படித்த வைத்திய வகுப்பில் தனி ஒரு பெண்ணாக இருந்து 1926-ல் டாக்டராகித் தேறினார். பிறகு அப்போது தலைநகராயிருந்த ரியோவில் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் வேலை. 1936-ல் அவருடைய அறையில் பொதுவுடைமைப் புத்தகங்கள் இருப்பதாக ஒரு தாதி போய்ச் சொல்ல, சர்க்கார் அவரைப் பிடித்து ஒரு வருஷத்துக்கு மேல் சிறையில் வைத்தது. வெளியே வந்தபிறகும் 1944 வரை வேலை இல்லை. புத்தகம் வைத்திருந்த குற்றத்துக்கு இவ்வளவு தண்டனை! இது நமக்கு ஒன்றும் புதிதல்ல.

1944-ல் ரியோ நகரத்து ஓரத்திலுள்ள எங்கென்யோ ட டென்ட்ரோ என்ற இடத்து ஆஸ்பத்திரியில் மறுபடி வேலையில் சேர்ந்தார். அவர் இல்லாத எட்டு வருஷத்தில் வைத்தியம் மாறிப்போயிருந்தது. நோயாளியின் தலையில் மின்சாரம் பாய்ச்சி வலிப்பு உண்டாக்குவது, இன்சுலின் மருந்தைப் போட்டு மயக்கத்தில் தள்ளுவது, மண்டையைத் துளைத்து மூளையின் நரம்புகளை அறுப்பது ஆகிய இவைகள்தான் அப்போது நாகரிக வைத்தியம். மூளையை அறுக்கிற முறைக்கு 1949-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள். ஒரு டாக்டர் அம்மையாருக்கு மின்சார யந்திரத்தைக் காட்டினார். நோயாளியைப் படுக்கவைத்துப் பொத்தானை அழுத்தினார், அவன் துடித்தான். அடுத்த நோயாளியைக் கொண்டுவந்து, "இப்போது நீங்கள் அழுத்துங்கள்" என்றார். அம்மையார் அழுத்தமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

இங்கே ஒரு வார்த்தை. மின்சார வைத்தியம் முழுவதுமே அக்கிரமம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இக்காலத்தில் மயக்க மருந்து கொடுத்து, உடம்பு துடிக்காமல் செய்து, கடுமையான மனச்சோர்வுக்கு அதைக் கொடுக்கிறார்கள்; பலர் உயிர் பிழைக்கிறார்கள். மயக்க மருந்தில்லாமல் கொடுப்பதை மேலே சொன்ன 2017-ம் வருஷத்துச் சட்டமே தடுக்கிறது. அந்தக் காலத்தில் நடந்ததோ, கேட்பாரில்லாத ஏழைகளைக் கூட்டங்கூட்டமாகப் போட்டு அடக்கின வேலை. டாக்டர் செய்தால் எல்லாம் விஞ்ஞானம் ஆகிவிடாது என்பதற்காகவே இதைச் சொல்லுகிறோம்.

பொத்தானை அழுத்த மறுத்த டாக்டரை எங்கே வைப்பது? யாருக்கும் வேண்டாத ஒரு பிரிவு அந்த ஆஸ்பத்திரியில் இருந்தது. அதற்கு வேலை வைத்தியம் என்று பெயர்; நடந்ததெல்லாம் நோயாளிகளைக்கொண்டு தரை கூட்டுவதும் கக்கூஸ் கழுவுவதும்தான். 1946-ல் அதை அம்மையாரிடம் தள்ளினார்கள். அவர் துடைப்பத்தை வாங்கி வைத்துவிட்டு வர்ணத்தையும் தூரிகையையும் களிமண்ணையும் கொடுத்தார். அல்மிர் மவிக்னியர் என்ற ஓர் இளைஞர், ஆஸ்பத்திரியிலேயே சிப்பந்தியாக இருந்து சித்திரமும் எழுதுகிறவர், கூட நின்று உதவினார். ஒருவரும் இப்படி எழுது, அப்படி எழுது என்று கற்றுக்கொடுக்கக்கூடாது, இது அழகு, அது அசிங்கம் என்று சொல்லக்கூடாது என்பது அங்கே ஏற்பாடு. வந்தவர்களை அம்மையார் நோயாளி என்றே அழைப்பதில்லை. கடைக்கு வருகிறவரை எப்படி மரியாதையாய்ச் சொல்வோமோ அப்படி "வாடிக்கையாளர்" என்று சொன்னார். நாய்களையும் பூனைகளையும் வளர்க்கக் கொடுத்தார். மனிதரிடம் பேசாதவர்கள் நாயிடம் பேசினார்கள்.

அங்கே வந்தவர்கள் யார் யார் என்று பாருங்கள். அடெலினா கோமஸ் என்ற பெண், விவசாயக் குடும்பத்து மகள். 18 வயதில் ஒருவனை விரும்பினாள். தாய் கூடாதென்று தடுத்துவிட்டாள். பெண் அடங்கிப்போனாள். கொஞ்ச காலம் கழித்து ஒருநாள், தான் ஆசையாய் வளர்த்த வீட்டுப் பூனையை நெரித்துக் கொன்றாள். 1937-ல் ஆஸ்பத்திரியில் போட்டார்கள். நம் ஊராயிருந்தால் உடுக்கைக்காரனைக் கூப்பிட்டிருப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். யாரையும் அண்டவிடாமல் ஒன்பது வருஷம் கிடந்த அவள் கையில் களிமண் வந்தபோது பெரிய பெரிய பெண் உருவங்களைப் பிசைந்து செய்தாள். பிறகு சித்திரம் எழுதினாள். பெண் பூவாக மாறுவதும், செடியாக மாறுவதும், பிறகு செடியிலிருந்து பெண் வெளியே வருவதுமாக வருஷக்கணக்கில் எழுதினாள். 17,000-க்கு மேல் எழுதியிருக்கிறாள். அவள் எழுதினது என்ன என்று எந்தப் பண்டிதரும் நமக்கு வியாக்கியானம் சொல்லவேண்டியதில்லை.

கார்லோஸ் என்று ஒரு செருப்புத் தைக்கிற தொழிலாளி. 1939-ல் ஒருநாள் காலையில் கண்ணாடியில் சூரிய ஒளி பட்டுத் தெறித்தது. அவர் கடவுளின் கோள்மண்டலத்தைக் கண்டுவிட்டேன் என்று கூவினார். பிரேசிலில் அவரை ஆஸ்பத்திரியில் அடைத்தார்கள். நமது நாடாயிருந்தால், சாதிக்குத் தகுந்தபடி, சங்கிலியில் கட்டியிருப்பார்கள் அல்லது உண்டியல் வைத்திருப்பார்கள். பெர்னாண்டோ டினிஸ் என்று ஒருவர். கலப்பு நிறத்து ஏழை. தாய் பணக்காரர் வீடுகளுக்குத் துணி தைத்துக் கொடுத்துப் பிழைத்தவள். பிள்ளை அவள் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெரிய வீடுகளுக்குப் போவான். அந்த வீட்டுப் பெண்ணோடு கூட வளர்ந்து, படித்து எஞ்ஜினியராகி அவளைக் கலியாணம் செய்துகொள்ளலாமென்று கனவு கண்டான். அவள் வேறொருவனைக் கட்டினாள். இவன் படிப்பையும் விட்டான், புத்தியும் கலங்கிற்று. ஆஸ்பத்திரியில் அவர் கையில் தூரிகை வந்ததும் என்ன எழுதினார் தெரியுமா? வீடுகளின் உட்புறம்! பியானோ, நாற்காலி, திரைச்சீலை, தரைவிரிப்பு. முதலில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பிக் கிடந்தன. பிறகு ஒவ்வொரு சாமானாகத் தனித்தனியே எழுதிப் பார்த்தார். கடைசியில் அறை முழுவதும் ஒழுங்காக வந்தது. எந்த வீட்டில் தனக்கு இடமில்லை என்றார்களோ அந்த வீட்டைக் காகிதத்தில் கட்டிக்கொண்டார். எமிடியோ என்ற கப்பல் பட்டறைத் தொழிலாளி 1924-ல் உள்ளே போனவர். சித்திரம் எழுத உட்கார்ந்தது 1947-ல். இருபத்துமூன்று வருஷம் அந்தக் கை சும்மா இருந்தது! அவர் எழுதினதைப் பார்த்துப் பெரிய சித்திரப் பண்டிதர்களே வியந்தார்கள்.

லூசியோ என்பவரின் கதையைச் சொல்ல மனம் கூசுகிறது. ஆனாலும் சொல்லவேண்டும். அவர் களிமண்ணில் அருமையான போர்வீரர் உருவங்களைச் செய்துவந்தார். 1949-ல், அம்மையார் வேண்டாமென்று மன்றாடியும் கேளாமல், அவருடைய மூளையை அறுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் செய்த உருவங்கள் சிறு குழந்தை பிசைந்துபோட்டதுபோல் இருந்தன. முன்னால் செய்ததும் பின்னால் செய்ததும் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. நோபல் பரிசுக்கு அதைவிட வேறு பதில் வேண்டியதில்லை.

1952-ல் அந்த ஆஸ்பத்திரியிலேயே இந்தச் சித்திரங்களுக்கென்று ஒரு காட்சிச்சாலை ஏற்பட்டது. இன்றைக்கு அதிலிருப்பவை 3,50,000-க்கு மேல். 1957-ல் சூரிச் நகரத்தில் உலக மனநோய் வைத்தியர்கள் கூடின மகாநாட்டில் இவற்றைக் காட்சிக்கு வைத்தார்கள். பேர்பெற்ற டாக்டர் யுங் திறந்துவைத்தார். இந்த நோயாளிகள் அடிக்கடி வட்டம் வட்டமாக எழுதினதற்கு யுங் அவர்கள் ஆதிகால மனித மனம், அது இது என்று பெரிய அர்த்தங்கள் சொன்னார், அம்மையாரும் ஒப்புக்கொண்டார். அதையெல்லாம் நாம் நம்பவேண்டுமென்ற கட்டாயமில்லை. வர்ணம் கொடுத்தது மெய். கை அசைந்தது மெய். வாய்மூடிக் கிடந்தவர்கள் மனிதரோடு சேர்ந்தது மெய். அதுவரை எடுத்துக்கொள்ளுவோம்.

இப்படிச் சொன்னவுடன் வைதீகத் தோழர் ஒருவர் எழுந்து, "அதைத்தானய்யா நாங்கள் பஜனை என்கிறோம், பஜனை பாடினால் மனம் ஆறுகிறதே, கடவுள் அருள்தானே?" என்பார். மனம் ஆறுகிறது என்பதை நாம் மறுக்கவில்லை. பத்துப்பேர் கூடி உட்கார்ந்து வாய்திறந்து தாளம்போட்டுப் பாடினால் மனம் ஆறத்தான் செய்யும். கடவுள் பேரை எடுத்துவிட்டு ஏற்றப்பாட்டைப் பாடினாலும் ஆறும், நடவுப்பாட்டைப் பாடினாலும் ஆறும். பாடினது உன் தொண்டை. கூட இருந்தது உன் அண்டை வீட்டுக்காரன். அந்த ஆறுதலுக்குத் தட்சணை மட்டும் ஏன் மூன்றாவது ஆளுக்குப் போகிறது என்பதுதான் நமது கேள்வி. அன்றியும் பஜனையில் உன் துக்கத்தை நீ சொல்ல முடியாது. எப்போதோ யாரோ எழுதிவைத்த துதியைத்தான் சொல்லவேண்டும். "என் மாமனார் என்னை அடித்தார்" என்று எந்தப் பஜனையில் பாடமுடியும்?

ஆனால் தோழர்களே, பூசாரியிடம் கேட்கிற கேள்வியை நம்மிடமும் நாம் கேட்டுக்கொள்ளவேண்டும். சித்திரம் எழுதினால் மனநோய் தீரும் என்பதற்கு அத்தாட்சி என்ன? சாம்பலைக் கொடுத்துத் தீர்ந்தது என்பவனும் நாலு பேரைத்தான் காட்டுகிறான். நாமும் பிரேசிலில் நாலு பேரைக் காட்டிவிட்டு உட்கார்ந்தால் சரியாகுமா? ஆகையால் சோதித்துப் பார்த்தவர்கள் சொல்வதைக் கேளுங்கள். பிரிட்டனில் சித்தப்பிரமை நோயுள்ள 417 பேரை எடுத்துக்கொண்டு, சீட்டுக் குலுக்கிப் பிரிக்கிற மாதிரி மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு வாரம் ஒரு தடவையாக ஒரு வருஷம் சித்திர வைத்தியம். இன்னொரு கூட்டத்துக்கு வேறு பொழுதுபோக்கு. மூன்றாவது கூட்டத்துக்கு வழக்கமான வைத்தியம் மட்டும். எல்லோருக்கும் மருந்து உண்டு. இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தபோது சித்திரக் கூட்டத்துக்கு நோயில் தனியாக ஒரு குணமும் அதிகமாகக் காணவில்லை. இந்த முடிவு 2012-ல் வெளியாயிற்று. சித்திரத்துக்கென்று பெயர் கொடுத்தவர்களில் பலர் ஒழுங்காக வரவுமில்லை. ஆக, மருந்தை நிறுத்திவிட்டு வர்ணத்தைக் கொடு என்று யாராவது உங்களிடம் சொன்னால் அவன் புதுப் பூசாரி, வெளியே அனுப்புங்கள். பிரேசில் அம்மையாரிடம் வந்தவர்களிலும் எல்லோரும் குணமாகி வீட்டுக்குப் போய்விடவில்லை. அடெலினா சாகிறவரை நோயாளிதான். ஆனால் சங்கிலியும் மின்சாரமும் பட்டு மூலையில் கிடக்கிற நோயாளிக்கும், காலையில் எழுந்து தனக்கென்று ஒரு மேஜையும் வேலையும் உள்ள நோயாளிக்கும் வித்தியாசமில்லையா? சர்க்கரை நோய் தீராதென்று தெரிந்தும் அந்த நோயாளிக்குச் சோறு போடுகிறோம் அல்லவா?

இன்னொரு சோதனை. 1986-ல் அமெரிக்காவில் பென்னிபேக்கர் என்ற மனோதத்துவப் பேராசிரியரும் அவருடைய தோழரும் 46 மாணவர்களைக்கொண்டு செய்தது. நாலு நாள், தினம் 15 நிமிஷம் எழுதவேண்டும். சிலர் தங்கள் செருப்பைப்பற்றி, அறையைப்பற்றி என்று சாதாரண சங்கதியை எழுதினார்கள். சிலர் தங்கள் வாழ்க்கையில் பட்ட பெரிய துன்பத்தை, நடந்ததையும் அதனால் மனம் பட்ட பாட்டையும் சேர்த்து எழுதினார்கள். துன்பத்தை எழுதினவர்கள் அன்றைக்கு இன்னும் வருத்தப்பட்டே எழுந்து போனார்கள். இதை மறக்கக்கூடாது, புண்ணைத் திறந்தால் முதலில் வலிக்கும். ஆனால் அடுத்த ஆறு மாதத்தில் அவர்கள் டாக்டரிடம் போனது மற்றவர்களைவிடக் குறைவு. பிறகு பல தேசங்களில் பலர் இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் பயன் உண்டு, ஆனால் சிறிதுதான் என்கிறார்கள். சிறிது போதும். ஒரு பென்சிலும் நாலு தாளும் என்ன விலை? இந்த விலைக்குச் சிறிது பயன் கொடுக்கிற கோவில் ஒன்றை எனக்குக் காட்டுங்கள் என்று யாரிடமும் கேட்கலாம்.

நமது தமிழ்நாட்டிலேயே இரண்டு பேரைச் சொல்லுகிறோம். ஒருவர் பாமா. தாழ்த்தப்பட்டோர் என்று சொல்லப்படுகிற சாதியில் பிறந்து, ஏழைகளுக்கு உழைக்கலாமென்று கன்னியாஸ்திரீ மடத்தில் சேர்ந்து, கிறிஸ்து வீட்டிலும் சாதி குடியிருப்பதைக் கண்டு, எல்லாவற்றையும் விட்டு வெளியே வந்தவர். கையில் காசில்லை, வேலையில்லை, மனம் உடைந்து நின்ற காலத்தில் தன் வாழ்க்கையைத் தன் ஊர்ப் பேச்சிலேயே எழுதினார். அது 1992-ல் "கருக்கு" என்ற புத்தகமாக வந்தது. அந்த எழுத்துத் தன்னையே ஆற்றிற்று என்பது அவர் வாக்குமூலம். இலக்கணப் பண்டிதர்கள் அந்தப் பாஷையைக் குறை சொன்னார்கள். புண்பட்டவள் தொல்காப்பியம் பார்த்து அழவேண்டும்போலும்!

மற்றொருவர் கவிஞர் சல்மா. திருச்சி ஜில்லா துவரங்குறிச்சியில் பிறந்தவர். பருவமடைகிற வயதில் பள்ளிக்கூடத்தை நிறுத்தி வீட்டுக்குள் வைத்தார்கள். அப்படியே பல வருஷம், பிறகு கலியாணம். எழுதுவது தெரிந்தால் வீட்டில் ஆபத்து. ஆகையால் இரவில் எல்லோரும் தூங்கினபிறகு கழிவறையில் ஒளிந்து துண்டுக் காகிதத்தில் எழுதினார். தாயார் அதை மறைத்து வெளியே அனுப்பினார். ராஜாத்தி என்கிற பெயரை விட்டு சல்மா என்ற புனைபெயரில் அது அச்சாயிற்று. 2000-ல் கவிதைப் புத்தகமும், 2004-ல் பெரிய நாவலும் வந்தன. இடையில் 2001-ல் அந்த ஊருக்கே பஞ்சாயத்துத் தலைவரானார். இந்த அம்மையாருக்குப் பேனா கிடைக்காமற்போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எத்தனையோ வீட்டில் எத்தனையோ பெண்களுக்கு அது கிடைக்கவில்லை. அந்த வீடுகளுக்குத்தான் உடுக்கைக்காரன் போகிறான்.

ஆகவே நாம் செய்யக்கூடிய காரியம் பெரிதொன்றுமில்லை. நமது வாசகசாலைகள் சாயங்காலம் ஆண்கள் பத்திரிகை படிக்கவும் சீட்டாடவும் பயன்படுகின்றன. வாரத்தில் ஒருநாள் பகலில், பெண்களுக்கு வேலை ஓய்கிற நேரம் பார்த்து, அதைப் பெண்களுக்கென்று விடுங்கள். தாள், பென்சில், வர்ணம், கொஞ்சம் களிமண் வையுங்கள். பாடத் தெரிந்தவர்கள் பாடட்டும். பொறுப்புக்கு ஒரு பெண் இருக்கட்டும். எழுதினதை அவளாகக் கொடுத்தாலொழிய எவரும் படிக்கக்கூடாது. மார்க்குப் போடக்கூடாது, பரிசு கொடுக்கக்கூடாது, ஆண்டு விழாவில் மேடையில் ஏற்றிக் காட்டக்கூடாது. நமது தோழர்களுக்கு எதையும் மேடையில் ஏற்றிவிடுகிற வியாதி உண்டு, அதனால் சொல்லுகிறோம். "இதை எழுதினாயே, உன் புருஷன் இப்படியா?" என்று துருவுவதும் கூடாது. அடி உதை என்று தெரிந்தால் அதற்குச் சட்டம் இருக்கிறது; தாளில் வர்ணம் பூசிக்கொண்டு பொறுத்துப்போ என்று எவரும் உபதேசம் செய்யவேண்டாம். துக்கத்தின் காரணத்தை அப்படியே வைத்துக்கொண்டு துக்கத்தை மட்டும் ஆற்றுவது பழைய புராணிகன் வேலை.

நாட்கணக்கில் தூங்காதவர்கள், காதில் குரல் கேட்கிறது என்கிறவர்கள், பிள்ளை பெற்றபின் பிள்ளையையே வெறுக்கிறவர்கள், வலிப்பு வருகிறவர்கள், சாகப்போகிறேன் என்று ஒரு தடவையேனும் சொன்னவர்கள், இவர்களுக்கு முதலில் டாக்டர்தான், வர்ணம் பிறகு. ஜில்லா சர்க்கார் ஆஸ்பத்திரியில் மனநோய் டாக்டர் இருக்கிறார். 14416 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தால் காசில்லாமல் தமிழிலேயே பேசலாம். 2022-ல் சர்க்கார் ஏற்படுத்தினது. அந்த எண்ணை வாசகசாலைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

மூன்று சீட்டுகள் வந்திருக்கின்றன. பதில் சொல்லிவிடுகிறோம்.

ஒரு தோழர், "எங்கள் பெண்கள் தினமும் கோலம் போடுகிறார்களே, அது போதாதா?" என்று கேட்கிறார். கோலம் போடுவதில் கைக்கும் கண்ணுக்கும் மகிழ்ச்சி உண்டு. ஆனால் விடியுமுன் போட்டாகவேண்டும், போடாவிட்டால் வீட்டுக்கு ஆகாது, புள்ளி தப்பினால் மாமியார் பேசுவாள் என்றிருக்கும்போது அது வீட்டு வேலையில் ஒன்று. அவளுக்கு இஷ்டமான நேரத்தில் இஷ்டமானபடி, தப்பும் தவறுமாகப் போடட்டும். அப்போது அதுவும் சேர்த்திதான்.

இன்னொரு சீட்டு பெண் எழுத்தாக இருக்கிறது. "எழுதினதை வீட்டில் யாராவது பார்த்துவிட்டால்?" நல்ல கேள்வி. எழுதி முடித்ததும் கிழித்து அடுப்பில் போட்டுவிடுங்கள், அம்மா. பயன் எழுதுவதில் இருக்கிறது, வைத்துக்கொள்வதில் இல்லை. அமெரிக்க மாணவர்கள் எழுதினதிலும் பெயர் போடவில்லை. வைத்துக்கொள்ள ஆசையிருந்தால் வாசகசாலையில் பூட்டுப்போட்ட பெட்டி ஒன்று வைக்கச் சொல்லுகிறோம். சாவி பெண்களிடம் இருக்கும்.

மூன்றாவது சீட்டு, "படிக்கத் தெரியாதவள் என்ன செய்வாள்?" என்பது. களிமண்ணுக்குப் படிப்பு வேண்டாம். பாட்டுக்கு வேண்டாம். வாயால் சொல்லுகிறேன் என்றால், குறுக்கே பேசாமல் கேட்பதற்கு ஒருத்தி பக்கத்தில் உட்காரட்டும். எழுதப் படிக்க விரும்பினால் அதே பகலில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, முதலில் "அறம்" என்று ஆரம்பிக்காமல், அவள் சொல்ல விரும்புகிற வார்த்தை எதுவோ அதிலிருந்து சொல்லிக்கொடுங்கள். இந்த ஊரில் சொல்லிக்கொடுக்கத் தயாராயிருக்கிற தோழியர்கள் இருவர் கூட்டத்துக்கு முன்பே தலைவரிடம் தெரிவித்திருக்கிறார்கள். தாளும் வர்ணமும் வாங்குவதற்கு உதவ விரும்புகிறவர்கள் போகும்போது தலைவர் மேஜையிலுள்ள பெட்டியில் போடலாம். கணக்கு வாசகசாலைப் பலகையில் ஒட்டப்படும்.